ஊறிய முறுக்கு

முந்தின நாள்தான் தேன்மொழியின் பல் கம்பியை டாக்டர் இறுக்கியிருந்தார். பல் நகர்ந்ததோ இல்லையோ, ஈறு கோவைப்பழமாய்ச் சிவந்து வீங்கிவிட்டது. "மாப்பிள்ளை வீட்டார் கிளம்புற வரைக்கும் வாயைத் திறந்துடாதடி" என்று சொல்லித்தான் அம்மா அவளைக் கூடத்துக்கு அனுப்பினாள்.

பெண் பார்க்க வந்த குமரகுருவும் வாயைத் திறக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினான். "சரியான தலைக்கனம்" என்று அத்தை தேன்மொழியின் காதைக் கடித்தாள். தேன்மொழி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முறுக்கைக் காபியில் போட்டு, அது கூழாகும்வரை பொறுத்திருந்து, ஸ்பூனால் எடுத்து, இடப்பக்கமாகவே ஒதுக்கி விழுங்கினான். பிறகு அவன் நாக்கு மேலுதட்டை உள்ளிருந்தே மெல்லத் தடவியது.

அவள் விருட்டென்று எழுந்து உள்ளே போனாள். "பொண்ணுக்குப் பிடிக்கலை போல. கிளம்பலாம்" என்று குமரகுருவின் அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

தேன்மொழி இரண்டு டம்ளர் வெந்நீரோடு திரும்பி வந்து, ஒன்றை அவனிடம் நீட்டினாள்.

"உப்பு போட்டிருக்கு. வாஷ்பேசின் அந்தப் பக்கம்."

அவன் முதல்முறையாகச் சிரித்தான். பல்லெல்லாம் கம்பி.

இருவரும் உள்ளே போனார்கள். உள்ளேயிருந்து இரண்டு பேர் சேர்ந்து கொப்பளிக்கும் சத்தம் வந்தது. நின்றது. சிரிப்பு கேட்டது. மறுபடியும் கொப்பளித்தார்கள்.

குமரகுருவின் அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, ஆறிப்போன பஜ்ஜியில் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.