வலது குதிகால்

சர்க்கரை நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது அந்த நர்ஸின் வேலை. தனியாக வசிக்கும் பழைய லாரி டிரைவருக்குப் பாதங்கள் மரத்துப்போய்ப் பல வருடங்கள் ஆகின்றன.

"கண்ண மூடிக்குங்கய்யா. நான் தொட்டா சொல்லுங்க."

நைலான் இழையால் கட்டைவிரலை, நடுப்பாதத்தை, குதிகாலை அழுத்தினாள். அவர் வாயே திறக்கவில்லை. வழக்கம்தானே என்று இழையைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"ம், இப்ப தொடுற," என்றார்.

"நான் தொடலையேய்யா."

"என்னையே ஏமாத்தப் பாக்கறியா? வலது குதிகால்ல, அதே எடத்துல திரும்பத் திரும்ப அழுத்துற."

குனிந்து பார்த்தாள். புண் ஏதும் இல்லை. ஆனால் குதிகாலில் சின்னதாக ஒரு குழி விழுந்தது, மறைந்தது, மறுபடி விழுந்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

பக்கத்தில் கிடந்த அவருடைய வலது செருப்பை எடுத்துப் பார்த்தாள். அடியில் ஏறியிருந்த ஆணியின் முனை, சரியாக அந்த இடத்தில், மேலே எட்டிப் பார்த்தது. அதைப் போட்டு இன்னும் நாலடி நடந்திருந்தால், புண் புரையோடும்வரை அவருக்குத் தெரிந்திருக்காது. ஆணியைப் பிடுங்கிப் போட்டாள்.

"இப்பவும் தொடுதாய்யா?"

"இல்லம்மா. அதான் கைய எடுத்துட்டியே," என்று கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இறுகக் கட்டியிருந்த ஷூவுக்குள், அவளுடைய இடது குதிகாலை மெல்லிசாக ஏதோ திரும்பத் திரும்ப அழுத்தியது.