கட்டுச்சோற்றுத் தடை

“ஒரு பிடி சோறுகூட பஸ்ஸில் ஏறக் கூடாது!”

தம்பிராஜா வாத்தியார் இப்படிச் சொன்னதுதான் தாமதம், பெற்றோர் கூட்டம் கொதித்துப் போனது.

அதுவரை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருஷம். வரும் சனிக்கிழமை பள்ளிப் பிள்ளைகளைக் கோலாலம்பூருக்குக் கூட்டிப்போக ஏற்பாடு. கொடி ஏறிய திடல், பத்துமலை, ரயில் ஸ்டேஷன் என்று வாத்தியார் சொன்ன சொல்லில் பெற்றவர்களுக்கே ஆசை வந்துவிட்டது. பஸ் செலவு பள்ளிச் சங்கத்தின் பொறுப்பு. முப்பது பெயர் சேர வேண்டும், அதுவும் இன்றைக்கே. இல்லாவிட்டால் பஸ் இல்லை.

பூங்காவனம் எழுந்தாள். “நாள் பூரா பிள்ளைங்க பட்டினியா வாத்தியாரே?”

“அங்கே போனதும் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுப்போம்மா. எல்லாருக்கும் ஒண்ணுபோல.”

“ரொட்டியா? புளிச்சோறு இல்லாம என் மகன் பத்து மைல் தாங்க மாட்டான் லா!”

“இது போன வருஷம் போன கடற்கரைப் பாதை இல்லம்மா, வழியில போலீஸ் சோதனை இருக்கு. காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்ட்காரங்களுக்குச் சோறு போயிடக் கூடாதுன்னு சட்டம். தெரியாதா?”

“அந்த ஊர் ரொட்டிக் கடைக்காரன் உங்களுக்கு மச்சானா?”

கூட்டம் சிரித்தது. ஏற்கெனவே பெயர் கொடுத்திருந்த நாலு பேர் அதையும் அடிக்கச் சொன்னார்கள்.

பின்வரிசையில் சின்னப்பா மீசையைத் தடவினார். மலாக்காவின் காஜா பேராங் வட்டாரத்தில் ‘மாத்தா’, அதாவது போலீஸ்காரர், என்றால் சின்னப்பாதான். போன மாசம் ஓய்வு பெற்றவர். அதே பாதையில், அதே சோதனைச் சாவடியில் நாலு வருஷம் நின்று சோற்றுப் பொட்டலம் பறித்தவர். சாவடியை மூடிய அன்று குறுக்குக் கம்பைக் கழற்றி ஓரமாகப் போட்டவரும் அவரே. ஊர் எல்லையைத் தாண்டாத இந்தக் கூட்டத்துக்கு அது தெரியாது.

“வாத்தியார் புளுகுறார்,” என்றார் மனைவியிடம். “அந்தச் சட்டத்தை எடுத்து ஒரு வருஷமாச்சு.”

“அப்போ எழுந்து சொல்லுங்களேன்,” என்றாள் மீனாச்சி.

சொல்லாமல் இருப்பாரா? பொய் சொன்ன ஆளை விட்டுப் பழக்கமே இல்லை. எழுந்தார். தொண்டையைச் செருமினார். வாத்தியார் முகம் செத்துப்போனது.

அந்தச் சமயம் பார்த்து, வாசலோரம் நின்ற அஞ்சலை கையைத் தூக்கினாள். பண்டார் ஹிலிரில் நாலு வீட்டுத் துணி துவைத்து இரண்டு பெண்களை வளர்க்கிறவள்.

“வாத்தியாரே, யாருமே சோறு கட்ட வேண்டாமா?”

“யாருமே வேண்டாம்மா.”

“அப்போ என் பிள்ளைங்க ரெண்டு பேரையும் எழுதிக்குங்க. போன வருஷம் போர்ட்டிக்சன் போறப்ப எல்லாரும் சோறு கட்டணும்னதும் வந்த காய்ச்சல், இந்தத் தடவை வராது.”

சொல்லிவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

சின்னப்பா அவளைப் பார்த்தார். வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கையிலிருந்த பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மாத்தா அண்ணே, எழுந்து நின்னுக்கிட்டு யோசனை?” பூங்காவனம் விடவில்லை. “நீங்க அங்கேயே நின்னவராச்சே. சட்டம் இருக்கா, இல்லையா?”

“இருக்கு!” சாவடியில் லாரியை நிறுத்திய அதே குரல். “ஒரு பருக்கை அகப்பட்டாலும் பஸ்ஸைத் திருப்பிடுவான். உன் புளிச்சோத்தைப் பையன் வீடு வந்ததும் ஊட்டு. ம், பேரைக் கொடுங்க. நேரமாகுது!”

போலீஸ்காரரே சொன்ன பிறகு பேச்சேது? பட்டியல் முப்பத்தாறில் போய் நின்றது.

வீட்டுக்குப் போகும் வழியில் மீனாச்சி பிடித்துக்கொண்டாள். “சட்டத்தை எடுத்தாச்சுன்னு சொன்னதும் இதே வாய்தானே?”

“எடுத்தாச்சு,” என்றார் சின்னப்பா. “வர்ற சனிக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் நான் திரும்பப் போட்டிருக்கேன்.”