மிஸ்யே பெல்றோஸ் வாக்குக் கேட்கிறார்

ஜெயனி கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே எட்டிப் பார்த்தாள். மன்னாரில் இருந்த நாட்களில் இரண்டு ஆண்கள் சேர்ந்து வந்து கதவைத் தட்டினால், அது ஒருநாளும் நல்லதற்காக இருந்ததில்லை.

வெளியே நின்றவர்களில் ஒருவர் வெள்ளைக்காரக் கிழவர். மாடிப்படி ஏறிய களைப்பில் மூச்சு வாங்கினாலும் கழுத்துப்பட்டியை நேராக இழுத்துவிட்டுக்கொண்டு, "பொன்ஜூர், மதாம்!" என்றார். கூட வந்தவர் தமிழர். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரம்.

"பயப்பிடாதேங்கோ, தங்கச்சி," என்றார் தமிழர். "இவர் மிஸ்யே பெல்றோஸ். கியூபெக் மாகாண சபைக்கு எங்கட தொகுதியில நிக்கிறார். வாக்குக் கேட்டு வந்திருக்கிறார்."

"எனக்கு இங்க வாக்கில்லையே அண்ணை. நான் வந்தே நாலு மாசம்தான். மனுசனும் டோர்வலுக்கு வேலைக்குப் போட்டார்."

தமிழர் அதைப் பிரெஞ்சில் சொல்ல, கிழவர் கையை விரித்துச் சிரித்தபடி ஏதோ பதில் சொன்னார்.

"வாக்கில்லாத ஆக்களும் என்ர தொகுதிச் சனம்தான் எண்டு சொல்லுறார்."

அந்தப் பதில் ஜெயனிக்குப் பிடித்துப்போயிற்று. இந்தப் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிக்குக் குடிவந்த நாளிலிருந்து அவளை யாரும் எதற்கும் சொந்தமாகச் சொன்னதில்லை. சங்கிலியைக் கழற்றினாள். வெளியே ஒக்டோபர்க் குளிர் என்பதால் குசினி மேசையில் இருத்தி இரண்டு பிளேன்ரீயும் ஊற்றிக் கொடுத்தாள்.

கிழவர் தேநீரைத் தொடவில்லை. மேசை விரிப்பில் விரலால் கோடு கோடாகக் கீறிக் கீறிப் பேசினார். கண்கள் மின்னின. தமிழர் அவர் பின்னாலேயே மொழிபெயர்த்துக்கொண்டு போனார்.

"ஜான்-டலோன் வீதி முனையில ஒரு பழைய தையல் தொழிற்சாலை பூட்டிக் கிடக்குதாம். தான் வெண்டால் அதில சின்னப் பிள்ளையளைப் பகலில பாக்கிற ஒரு கார்டெரி கட்டுவாராம். தாய்மார் பிள்ளையளை அங்க விட்டிட்டுப் பிரெஞ்சு படிக்கலாம், வேலைக்குப் போகலாமாம்."

ஜெயனி தலையாட்டினாள். ஆனால் மனதுக்குள் சிரிப்பு வந்தது. அந்த முனையில் கார்டெரி இருக்கிறதே! அவளுடைய மகள் தினமும் அங்கேதான் போகிறாள். சொந்தத் தொகுதியில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் இவர் வாக்குக் கேட்கிறார். எந்த ஊரென்றாலும் அரசியல்வாதி அரசியல்வாதிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

கிழவர் இப்போது குரலைத் தாழ்த்தி, ஒரு விரலை உயர்த்தி எச்சரிப்பதுபோல ஏதோ சொன்னார்.

தமிழர் உடனே மொழிபெயர்க்கவில்லை. கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"தன்னை எதிர்த்து நிக்கிறவன் கெட்டிக்காரனாம். நல்லாக் கதைப்பானாம். அவன்ர கதையில மயங்கிப் போடாதேங்கோ எண்டு சொல்லுறார்."

கிழவர் அவர் தோளில் பாசத்தோடு தட்டி மேலும் ஏதோ சொன்னார். அதைத் தமிழர் மொழிபெயர்க்கவே இல்லை.

அறையிலிருந்து ஜெயனியின் மகள் பொம்மையோடு எட்டிப் பார்த்தாள். கிழவர் உடனே எழுந்து போய் அவள் முன்னால் சிரமப்பட்டுக் குந்தி, பொம்மைக்கும் கை கொடுத்தார். அந்த இடைவெளியில் ஜெயனி கேட்டுவிட்டாள்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. அந்தக் கார்டெரிக்குத்தானே என்ர பிள்ளை போறாள்? இவருக்கு அது தெரியாதோ?"

"அதைக் கட்டுவிச்சதே இவர்தான், தங்கச்சி."

ஜெயனிக்கு விளங்கவில்லை.

"நாலு தரம் வெண்ட மனுசன். எங்கட சனம் இங்க வந்த புதுசில, கதவைத் திறந்து வைச்சு எங்களோட கதைச்ச ஒரே ஆள். மூண்டு வருசத்துக்கு முந்தின தேர்தலில தோத்துப்போனார். அடுத்த வருசம் மனுசி செத்துப்போச்சு. அதோட மறதி வருத்தம் வந்திட்டுது. இப்ப முதியோர் இல்லத்தில இருக்கிறார்."

"அப்ப தேர்தல்?"

"தேர்தல் ஒண்டும் இல்லை. ஆனா அவருக்கு அது இன்னும் முடியேல்லை. போன மாரிக்குள்ள, இல்லத்துக்குத் தெரியாமல் வெளிக்கிட்டு, வீட்டுச் செருப்போட ஸ்னோவுக்குள்ள வந்து கதவு கதவாத் தட்டியிருக்கிறார். ஆரோ பொலிசுக்குப் போன் அடிச்சிட்டினம். அதுக்குப் பிறகு சனிக்கிழமையில நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறனான். ரெண்டு மூண்டு கதவு தட்டினால் காணும், அந்தக் கிழமை முழுக்கச் சந்தோசமாய் இருப்பார்."

கிழவர் சுவரைப் பிடித்து எழுந்து வந்தார். ஜெயனியின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"வீ, மிஸ்யே," என்றாள் ஜெயனி. வகுப்பில் படித்த பிரெஞ்சுச் சொற்களில், 'ஓம்' என்கிற அதுதான் அப்போது வாயில் வந்தது. "வீ, வீ."

கிழவரின் முதுகு நிமிர்ந்தது. "மெர்சி, மதாம்!" என்று குனிந்து வணங்கிவிட்டு, வென்ற மனிதரின் நடையோடு வெளியே போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டத் தொடங்கினார்.

ஜெயனிக்குக் கோபம் வந்தது.

"இவ்வளவு செய்த மனுசனை எந்தப் பாவி அண்ணை தோற்கடிச்சவன்?"

தமிழர் துண்டுப்பிரசுரக் கட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வாசலைத் தாண்டும்வரை அவர் அவளைப் பார்க்கவில்லை.

"நான்தான், தங்கச்சி."