தழும்புக்குப் பக்கத்தில்

கிழிந்த காதுமடலைத் தைத்துத் தொண்ணூற்று மூன்று நாட்கள் ஆகியிருந்தன. மறுபடி துளையிட்டுக்கொள்ளச் செண்பகவல்லி தன் அம்மாவோடு வந்திருந்தாள். டாக்டர் மரத்துப்போவதற்கான ஊசியைப் போட்டுவிட்டு, தழும்புக்குச் சற்றுத் தள்ளிப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்.

“தழும்புலயே குத்தினா திரும்பவும் கிழியும். முதல்ல எப்படிக் கிழிஞ்சதுன்னு சொன்னீங்க?”

“பஸ்ல எவனோ கம்மலப் பிடிச்சு இழுத்துட்டான் டாக்டர்,” என்றாள் அம்மா. மூன்று மாதமாக எல்லோருக்கும் அவள்தான் பதில் சொல்லிவந்தாள். “வெள்ளிக்கிழமை இவ மகளுக்குக் காதுகுத்து. பெத்தவ மூளிக் காதோட நிக்கலாமா?”

“அப்ப இவங்களுக்கும் ஒரு மாமன் மடி பாத்துருவோமா?” என்று நர்ஸ் சிரித்தாள்.

“ஏழு கழுத வயசாச்சு, இவளுக்கு எதுக்கு மடி? பிள்ளையத்தான் இவ தம்பி மடியில உக்கார வைக்கணும். அவன் சீர்கூட எடுத்துட்டான்.”

டாக்டர் காதைக் கிள்ளிப் பார்த்தார். “வலிக்குதா?”

வலிக்கவில்லை. கிள்ளியதே தெரியவில்லை. வேறு யாருடைய காதோபோல் அது கிடந்தது. மகள் அந்த மடியில் உட்கார்ந்திருப்பதையும், தலை ஆடாமலிருக்க அவன் இரு கைகளாலும் அழுத்திப் பிடித்திருப்பதையும் செண்பகவல்லி நினைத்துப் பார்த்தாள்.

“கேக்காங்கள்ல, வாயத் தொறந்து சொல்லேன்,” என்றாள் அம்மா.

“பிள்ளைய அவன் மடியில வைக்க மாட்டேம்மா,” என்றாள் செண்பகவல்லி. பிறகு டாக்டரைப் பார்த்து, அதே குரலில் சொன்னாள்.

“இந்தக் காத அறுத்தது என் தம்பிதான்.”