ஜரிகையைப் பார்க்க வந்தவர்கள்

"தறிய எதுக்கும்மா நிறுத்துனே? பாரு, ஜரிகை பரண்மேல ஏறிக்கிச்சு!"

"டாக்டரம்மா வர்ற நேரத்துல சத்தம் எதுக்குன்னு நிறுத்துனேன் சாமி" என்றாள் பாவாயி. "பூனை பயந்துக்கும், பூனை பயந்துக்கும்னு காலையில இருந்து நீதானே என் உசுர எடுத்தே?"

இனியன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

ஜரிகை வெள்ளைப் பூனை. முதுகில் மட்டும் பொன் நிறத்தில் ஒரு கோடு. ஏதோ ஒரு கடுவன் பூனை கடித்து வைத்ததில் காதுக்குப் பின்னால் சீழ் கட்டியிருந்தது. நேற்று ராசிபுரத்துக்குக் கூடையில் வைத்துக் கொண்டுபோனான். ஆஸ்பத்திரியில் நாலு நாய், இரண்டு ஆடு. ஜரிகை கூடையைத் திறந்துகொண்டு பாய்ந்ததுதான் தெரியும். மறுபடி அதைப் பிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. புண்ணைத் தொடக்கூட முடியவில்லை.

"இனி இங்க கொண்டாராதீங்க. நாளைக்கு ஞாயித்துக்கெழமைதானே, நானே ஊட்டுக்கு வாரேன்" என்றார் கால்நடை டாக்டர் அறிவுமதி. "ஊடு எப்பவும் போலவே இருக்கட்டும். புதுசா எதுவும் செய்யாதீங்க. இன்னும் தள்ளிப் போட்டா காது போயிருமுங்க."

அப்போதிருந்து இனியனுக்குச் சோறு இறங்கவில்லை. பெற்றவளுக்கு மாத்திரை வாங்க மறந்துவிடுகிறவன்தான். ஆனால் பூனை விஷயத்தில் அப்படியில்லை.

வாசலில் கார் வந்து நின்றது. டாக்டர் வெள்ளைக் கோட்டு போடவில்லை. நல்லதாக ஒரு பச்சைச் சேலை கட்டியிருந்தார். கோட்டைப் பார்த்தால் பூனை மிரளும் என்றுதான் இப்படி வந்திருக்கிறார் என இனியன் மனதுக்குள் மெச்சிக்கொண்டான். பின்னாலேயே வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் மருந்துப் பையோடு இறங்கினார். கம்பவுண்டராக இருக்கும்.

"பூனை எங்கீங்க?" என்றார் டாக்டர்.

"பரண்மேல இருக்குதுங்க. புடிச்சுட்டு வரட்டுமா?"

"வேண்டாமுங்க. அந்தப் பக்கமே பாக்காதீங்க. பாத்தாத்தான் மெரளும். நாம பாட்டுக்குப் பேசிட்டு இருப்போம், அது பாட்டுக்கு வரட்டும்."

பாவாயி டீ கொண்டுவந்தாள். டாக்டர் நிதானமாகக் குடித்தார். கம்பவுண்டருக்கு மட்டும் உட்கார மனம் வரவில்லை. பட்டறைக்குள் போய்த் தறிகளைப் பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"தண்ணி எப்பிடிங்க?"

"வருசம் பூரா இருக்குமுங்க."

"ஊட்டுல எத்தனை பேருங்க?"

"நானும் அம்மாவும்தானுங்க. ஜரிகையச் சேத்துனா மூணு."

பூனைக்கு வைத்தியம் என்றால் அது புழங்குகிற இடத்தையும் பார்ப்பார்கள் போலிருக்கிறது என்று இனியன் நினைத்துக்கொண்டான்.

கால் மணி நேரம் ஆயிற்று. பரணில் அசைவே இல்லை. இனியன் பொறுக்க முடியாமல் எழுந்துபோய் ஒரு தறியை மட்டும் ஓட விட்டான்.

"சத்தம் பூனைக்கு ஆகாதுங்களே?" என்றார் டாக்டர்.

"இதுக்கு ஆகுமுங்க. நூல் மூட்டைக்குள்ள பொறந்ததுங்க. தறி நின்னாத்தான் என்னமோ நடக்கப்போவுதுன்னு ஓடி ஒளிஞ்சுக்கும்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, ஜரிகை இறங்கி வந்து அவன் மடியில் உட்கார்ந்தது. டாக்டர் முதன்முறையாகச் சிரித்தார்.

இனியன் தன் துண்டால் அதைப் போர்த்தி அணைத்துக்கொண்டான். டாக்டர் சீழை எடுத்தார், துடைத்தார், மருந்து வைத்தார், ஊசியும் போட்டார். "முடிஞ்சுது கண்ணு, முடிஞ்சுது" என்று இனியன் அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தான். ஜரிகை ஒரே ஒரு தடவை முனகியது. அவ்வளவுதான். அவன் கண்தான் கலங்கியிருந்தது.

"காது தப்பிச்சுதுங்க" என்றார் டாக்டர். பையை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் விறுவிறுவென்று காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"இப்பிடி ஊடு தேடி வர்ற டாக்டரு எங்கீங்க கெடைப்பாங்க?" இனியன் கம்பவுண்டரிடம் நெகிழ்ந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார்.

"எம் புள்ள இதுக்கு முன்னால எந்த ஊட்டுக்கும் போயிப் பூனை பாத்ததில்லீங்க தம்பி. நேத்து நீங்க ஆஸ்பத்திரித் தரையில ஒன்றரை மணி நேரம் குப்புறப் படுத்து, பூனைகிட்டக் கெஞ்சிட்டுக் கெடந்தீங்களாமா. ராத்திரி வந்து எங்கிட்டச் சொல்லுச்சு" என்றவர், பாவாயியின் பக்கம் திரும்பினார். "எங்களுக்குப் பரிபூரண சம்மதமுங்க. சொல்லிட்டு வந்தா மாப்பிள்ளை மெரண்டுருவாருன்னு பாப்பாதான் சொல்ல வேண்டாமுன்னுச்சு."