கெண்டைக்காலில் சேர்ந்த உப்பு

ராஜமாணிக்கம் வீட்டிலிருந்த உப்பளக்கும் இயந்திரத்துக்குள் காலை நீட்டினார். திரையில் முப்பத்தாறு என்று சிவப்பாக வந்தது.

“ரத்தம் சரியாத்தான் இருக்கு. தசையிலதான் உப்பு சேர்ந்துக்கிட்டே போகுது” என்றாள் திரையில் இருந்த நர்ஸ். “நீங்களாத் தின்னிருந்தா, மாற்றுச் சிறுநீரகப் பட்டியல்ல உங்க பேரு இருக்காது. சமைக்கிறவங்க போட்டிருந்தா, அவங்க இன்னைக்கே இந்த வீட்டைவிட்டுப் போகணும். யாருங்கய்யா?”

மனைவி கோமதி அடுப்படி வாசலில் நின்றாள். உப்பில்லாத சாப்பாட்டை அவர் சாப்பிடாமல் தட்டைத் தள்ளிவிடுவது பொறுக்காமல், நான்கு மாதமாக ரசத்தில் ரகசியமாகச் சிட்டிகை உப்புப் போட்டவள் அவள்தான். முதல் வாயிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. சொல்லாமல் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

“நான்தான்...” என்று ஆரம்பித்தாள் கோமதி.

“சும்மா இருடி! உன் ரசத்தை மனுஷன் குடிப்பானா?” என்று அதட்டிவிட்டுத் திரையைப் பார்த்தார். “நான்தாம்மா. பீரோவுல ஊறுகாயை ஒளிச்சு வெச்சுத் தின்னேன்.”

பட்டியலில் மூன்றாவதாக இருந்த அவர் பெயர் அழிந்தது. திரை அணைந்தது.

கோமதி அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“எழுந்திரு, பசிக்குது” என்றார் அவர். “இனிமே பயப்படாமப் போடு.”