உறவு: மனைவி

காகிதத்தில் 'உறவு: மனைவி' என்று எழுதியிருந்தது. பெயர்தான் ஹைமாவதியுடையதாக இல்லை. நூகரத்னம் என்று இருந்தது.

காரின் பின் சீட்டில் உட்கார்ந்தபடி இன்னொரு தடவை படித்தாள். எழுத்து அவள் கணவர் வெங்கட்ராயுடுவுடையது. இருபத்தெட்டு வருஷமாக மளிகைச் சீட்டிலும் கல்யாண மொய்க் கவரிலும் பார்த்துப் பழகிய எழுத்து. சந்தேகத்துக்கே இடமில்லை.

ராயுடுவுக்குக் கடியம் என்ற ஊரில் செடி நர்சரி. மலர்க் கண்காட்சிக்காக பெங்களூர் போயிருந்தார். காலையில் அங்கிருந்து போன் செய்து, கார் இன்ஷூரன்ஸ் நாளையோடு முடிகிறது, பீரோவில் போன வருஷத்துக் காகிதங்கள் இருக்கின்றன, ஏஜென்ட் ஆபீசுக்குப் போய்ப் புதுப்பித்துவிடு என்றார்.

இருப்பதிலேயே மலிவானதாகப் பார்த்து எடுத்தால் போதாதா என்று கேட்டாள் ஹைமாவதி.

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். நம் கார் யார் மேலாவது மோதிவிட்டால் அவர்களுக்குக் கொடுப்பது ஒரு பகுதி, அது இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்கவே கூடாது. கார் அடிபட்டாலோ கோதாவரி வெள்ளத்தில் மூழ்கினாலோ நமக்குக் கிடைப்பது இன்னொரு பகுதி. மூன்றாவதாக ஒன்று என்று அவர் ஆரம்பித்தபோது அவளுக்கு அலுத்துவிட்டது. சரி சரி, போன வருஷம் மாதிரியே எடுத்துவிடுகிறேன் என்றாள்.

"ரெண்டாவது தாளை மட்டும் விட்டுடாதே, ஹைமா. அதுதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அந்த இரண்டாவது தாள்தான் இப்போது அவள் கையில் இருந்தது. மேலே பாலிசிதாரர் என்று ராயுடுவின் பெயர். விபத்தில் உயிர் போனால் பதினைந்து லட்சம். அது யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற கட்டத்தில் அந்த நூகரத்னம். விலாசமும் இருந்தது.

கணவருக்கு இரண்டு தடவை போன் போட்டாள். எடுக்கவில்லை.

"சிம்மாசலம், ஏஜென்ட் ஆபீஸ் வேணாம். தவளேஸ்வரம் போ."

ஒன்பது வருஷமாக அவர்கள் வீட்டு டிரைவர் அவன். தவளேஸ்வரத்தில் எங்கே என்று கேட்டான்.

"கால்வாய் மதகுக்குப் பக்கத்துச் சந்து. ஏழாம் நம்பர் வீடு."

வண்டி ஒரு கணம் தயங்கிப் பிறகு ஓடியது. கண்ணாடியில் அவன் முகம் மாறுவதை ஹைமாவதி பார்த்துவிட்டாள். ஆக, இவனுக்கும் தெரியும். ஊருக்கே தெரிந்திருக்கும். தனக்கு மட்டும்தான் தெரியாது.

"அந்த வீட்டுக்கு ஐயா வந்திருக்காரா?"

"வந்திருக்காரும்மா. ரெண்டு தடவை."

"எதுக்கு?"

"குழந்தை பொறந்தப்போ ஒரு தடவைம்மா. போன வருஷம் ஏதோ பேப்பர்ல எழுத வந்தாரு."

அவள் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

"குழந்தையா?"

"பொண்ணும்மா. இப்ப நாலு வயசு."

நேற்றுக் காலையில்கூட, ரயிலுக்கு நேரமாகிறது என்றவரை உட்கார வைத்து, சுடச்சுடப் பெசரட்டு வார்த்துப் போட்டிருந்தாள். இன்னும் ஒன்று வை என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரே அந்த மனிதர். ஏதாவது தப்பாகிவிட்டதா அம்மா என்று சிம்மாசலம் பயந்துகொண்டே கேட்டான். அங்கே வந்து பேசிக்கொள்கிறேன் என்றாள்.

சின்ன ஓட்டு வீடு. வாசல் படியில் ஒரு சிறுமி இட்லியைப் பிய்த்துப் பிய்த்துக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கார் சத்தம் கேட்டு ஈரக் கையோடு ஒரு பெண் வெளியே வந்தாள். முப்பது வயது இருக்கும். ஹைமாவதியைப் பார்த்ததும் பதறிப் போய், உள்ளே ஓடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

ஹைமாவதி உட்காரவில்லை.

"நூகரத்னம்கிறது நீதானா?"

"நான்தாம்மா."

"எங்க வீட்டுக்காரருக்கு நீ என்ன வேணும்?" என்று காகிதத்தை நீட்டினாள்.

அந்தப் பெண்ணுக்குக் கேள்வி புரியவில்லை. காகிதத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இதுவாம்மா? ஐயாவே வந்து எழுதிட்டுப் போனாரும்மா. ராவும் பகலும் எங்களுக்காக ரோட்டுலயே கிடக்கிறான், நாளைக்கு அவனுக்கு ஒண்ணு ஆயிட்டா உன் பொண்ணு யார் வாசல்ல போய் நிக்கும்னு சொல்லி, எம்பேரைக் கேட்டு எழுதிக்கிட்டாரும்மா."

"எவனுக்கு ஒண்ணு ஆயிட்டா?"

நூகரத்னம் காரின் பக்கத்தில் கைகட்டி நின்ற சிம்மாசலத்தைப் பார்த்தாள். அதற்குள் அந்தச் சிறுமி ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டுவிட்டாள்.

ஹைமாவதி காகிதத்தைத் திருப்பிப் பிடித்தாள். பின்பக்கத்தில், யாருடைய உயிருக்கு என்ற வரியை இப்போதுதான் படித்தாள். சிம்மாசலம், ஓட்டுநர் என்று அதே கையெழுத்தில் இருந்தது.

போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்க அவளால் முடியவில்லை.

"ஒன்பது வருஷமா எங்க வீட்டு வண்டியை ஓட்டுறே. உன் சம்சாரம் பேரு இதுன்னு ஒரு நாள்கூட ஏம்ப்பா சொல்லல?"

சிம்மாசலம் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான்.

"நீங்க கேட்டதில்லையேம்மா."